முதலில் மண், பிறகுதான் மனை

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் கூமாப்பட்டியின் பெயர் தமிழகமெங்கும் ஒலித்தது. இவ்வூர் இளைஞர் ஒருவர், எங்கள் ஊரின் பசுமையையும் தண்ணீரையும் காண வாருங்கள் என்று அழைத்து வெளியிட்ட காணொளிகளே அதற்குக் காரணம். மேற்கே வானளாவி நிற்கும் மலைத்தொடர், அதன் அடியில் பிளவக்கல் அணைகள், தென்னந்தோப்புகள், நெல் வயல்கள் ஆகியவற்றைக் காண வெளியூர் மக்கள் திரண்டு வந்தனர். அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

பார்த்துச் சென்றவர்களில் சிலருக்கு வேறோர் ஆசையும் பிறந்தது. "ஹஸ்ரத், உங்கள் பக்கம் ஓரிரு ஏக்கர் கிடைக்குமா? ஒரு வீட்டைக் கட்டிக் கொண்டு, நாலு தென்னை, இரண்டு மாடு என்று நிம்மதியாக இருந்து விடலாமே!" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்கள்.

நல்ல ஆசைதான், ஹலாலான ஆசையுங்கூட. ஆயினும் இவ்வாசையை நம்பி வாழ்நாள் சேமிப்பை இழந்து நிற்கும் ஒரு நண்பரை நான் அறிவேன். அவர் பட்ட பாடு பிறருக்குப் பாடமாகட்டும் என்று அவரே சொன்னதால் இங்கு எழுதுகிறேன்.

நண்பரின் கதை

பதினெட்டு ஆண்டுகள் சவூதியில் ஓட்டுநராகப் பணிபுரிந்து திரும்பிய அவர், மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார். கையில் இருந்த பணத்தில் பாதிக்கும் மேல் வீட்டுக்கே செலவாயிற்று. அடுத்துச் சுற்றுச்சுவர் எழுந்தது. இரும்புக் கதவு வந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. ஒரே வாரத்தில் 140 தென்னங்கன்றுகளும் நடப்பட்டன. புதுமனை புகும் நாளில் மௌலூது ஓதி எல்லோருக்கும் நெய்ச்சோறு பரிமாறினார்.

முதல் கோடையிலேயே ஆழ்துளைக் கிணறு கைவிட்டது. அடுத்த கோடைக்குள் கன்றுகளில் முக்கால் பங்கு காய்ந்தன. எஞ்சியவற்றின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றன. மூன்றாம் ஆண்டு அவருடைய துணைவியார் பிள்ளைகளின் படிப்பைக் கருதி ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். "வீட்டில் பளிங்குத் தரை இருந்தது ஹஸ்ரத், பாத்திரம் கழுவத் தண்ணீர்தான் இல்லை" என்று அந்தச் சகோதரி என் மனைவியின் முன்னிலையில் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நண்பர் சோம்பேறி அல்லர், ஏமாற்றப்பட்டவரும் அல்லர். செய்ய வேண்டியவை யாவற்றையும் அவர் செய்தார். ஆனால் வரிசையை மாற்றிச் செய்தார். கடைசியாகச் செய்ய வேண்டிய வீட்டை முதலில் செய்தார். முதலில் செய்ய வேண்டிய நீரையும் மண்ணையும் அவர் நினைக்கவே இல்லை. நிலத்தில் குடியேறித் தற்சார்பாக வாழ்வதென்பது படிப்படியாக ஏற வேண்டிய பயணம்.

வரலாறு சொல்வது

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டு, ஆபிரகாம் லிங்கன் காலத்தில், குடியேற்ற நிலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஒரு குடும்பம் 160 ஏக்கர் அரசு நிலத்தில் வீடமைத்து, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் அந்நிலம் அதற்கே உரிமையாகும் என்றது அச்சட்டம். ஏறத்தாழ 16 லட்சம் பேருக்கு இவ்வாறு நிலம் வழங்கப்பட்டது. அந்நிலங்களெல்லாம் அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பது அவ்வரலாற்றின் அழியாத கறை. மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். மழை குறைந்த சமவெளிகளில் குடியேறியவர்கள் காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளியை உழுது தள்ளினர். 1930களில் வறட்சி வந்தபோது அம்மண் புழுதிப் புயலாகக் கிளம்பிப் போயிற்று. லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். சட்டம் நிலத்தைத் தந்தது. மண்ணைக் காக்கும் அறிவைத் தரவில்லை.

நமது ஃபிக்ஹு நூல்களில் 'இஹ்யாவுல் மவாத்', அதாவது இறந்து கிடக்கும் நிலத்தை உயிர்ப்பித்தல், என்றொரு பாடமே உண்டு. யாருக்கும் உரிமையில்லாத தரிசுக்குத் தண்ணீர் கொண்டு வந்து, பண்படுத்திப் பயிர் செய்பவருக்கே அதில் உரிமை உண்டாகிறது. சுற்றிலும் கல் நட்டு எல்லை கட்டுவதால் மட்டும் உரிமை நிலைக்காது. அவ்வாறு வளைத்துப் போட்டு மூன்று ஆண்டுகள் பயிர் செய்யாது விட்டவருக்கு அதில் உரிமை இல்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இதனைக் காட்டி இக்காலத்தில் அரசுப் புறம்போக்கை வளைக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. நாம் பெற வேண்டிய படிப்பினை வேறு. சுவர் எழுப்புவது உயிர்ப்பித்தலாகாது. தண்ணீரும் பயிருமே உயிர்ப்பித்தல்; அதற்குரிய காலம் மூன்று ஆண்டுகள். இந்த மூன்று ஆண்டுக் கணக்கை நெஞ்சில் இருத்திக் கொண்டு படிகளைக் காண்போம்.

முதற்படி: பார்ப்பது

நிலம் வாங்குமுன் பத்திரங்களைப் பாருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பெற்று, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்நிலம் வக்ஃபு நிலமா, பூமிதான நிலமா, பஞ்சமி நிலமா என்று விசாரியுங்கள். பஞ்சமி நிலம் என்பது ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே 1892 முதல் ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலம். அதனைப் பிறர் வாங்குவது செல்லாது. பிறர் நிலத்தில் ஒரு சாணையேனும் அநியாயமாக எடுத்துக் கொள்வதை நபி (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம். விலை மலிவு என்பதற்காக மறுமையை விற்கலாமா?

அடுத்து, ஓராண்டு முழுவதும் நிலத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் அக்கம்பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது? ஐப்பசி மழையில் வெள்ளம் எந்தப் பக்கமாக ஓடுகிறது? ஆடிக் காற்று எத்திசையிலிருந்து அடிக்கிறது? மலையிலிருந்து இறங்கும் விலங்குகள் எவ்வழியே வருகின்றன? எங்கள் மேற்கு மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருக்கிறது. அடிவாரத் தோப்புகளுக்கு யானையும் காட்டுப்பன்றியும் வருவது இங்கே புதிதன்று. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசினால் இவை யாவும் தெரிந்துவிடும். நண்பரிடம் அப்படியொரு பெரியவர் பின்னாளில் சொன்னாராம்: "பாய், நீங்க போர் போட்ட இடத்துல எங்க அய்யா காலத்துலயே தண்ணி கெடயாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!"

இரண்டாம் படி: தண்ணீர்

ஓர் எளிய கணக்கு. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் ஓர் ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர்! அல்லாஹ்வின் ரஹ்மத்தாக இறங்கும் இத்தனை நீரையும் ஓடையில் ஓடவிட்டு விட்டு, பூமிக்கு அடியில் ஆயிரம் அடி துளையிட்டுத் தேடுகிறோம்.

எனவே முதற்செலவு மண்வெட்டிக்கே ஆகட்டும். நிலச் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போடுங்கள். தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் கரையாக்கி அதில் நொச்சியும் வெட்டிவேரும் நடுங்கள். ஒரு மழைக்காலத்து நீர் முழுவதும் உங்கள் நிலத்திலேயே இறங்கினால், கிணற்றின் குணம் மாறத் தொடங்கும். அதன்பின் கிணறு வேண்டுமா, எங்கே வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

இதற்கு நம் கண்முன் நல்ல சான்று உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அவர்கள் (1938–2013) வேளாண்மைப் பட்டம் பெற்று, 1960களில் நமக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். மானாவாரி நிலத்தில் விலையுயர்ந்த இடுபொருள்களைக் கொட்டிச் செய்யும் ஆராய்ச்சி ஏழை உழவருக்குப் பயன்படாது என்று கருதி அவ்வேலையைத் துறந்தார். பின்னர்க் களக்காடு வட்டாரத்தில் உழவர்களிடையே பல ஆண்டுகள் தொண்டாற்றினார். 2009இல் கரூர் மாவட்டம் கடவூரை அடுத்த சுருமான்பட்டியில், வறண்டு கிடந்த நிலத்தில் 'வானகம்' பண்ணையைத் தொடங்கியபோது, மழைநீரை அங்கேயே தேக்குவதில் முதலில் கருத்தைச் செலுத்தினார். அங்கே எழுந்த கட்டடங்கள் எளியவை. மண்ணும் மரமுமே அப்பண்ணையின் பெருமை. அவரது உடலும் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

மூன்றாம் படி: மண்

ஆரோவில்லில் 'கூழாங்கல் தோட்டம்' என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் பெற்ற ஓர் இடம் உண்டு. மேல்மண் முழுவதும் அரித்துப் போய்க் கல்லும் சரளையுமாகக் கிடந்த அந்நிலத்தில், 1994இல் பெர்னார்ட், தீபிகா என்னும் தம்பதியர் பணி தொடங்கினர். வெளியிலிருந்து எருவோ மண்ணோ கொண்டு வராமல் நிலத்தைச் சீர்படுத்துவது என்று முடிவு செய்தனர். எந்த மண்ணிலும் முளைக்கும் முன்னோடி மரங்களை முதலில் வளர்த்தனர். அவை உதிர்த்த இலைச் சருகைக் கொண்டே பாத்திகள் அமைத்தனர். காலப்போக்கில் அங்கே பாரம்பரியக் காய்கறி விதைகளைக் காக்கும் தோட்டம் உருவாயிற்று. அவர்களுக்கு ஆன காலம் மாதங்கள் அல்ல, ஆண்டுகள் என்பதை மறக்க வேண்டாம்.

நம்மைப் போன்றோர் அத்துணைக் கடும் விரதம் பூண வேண்டியதில்லை. நம் ஊர் வழக்கப்படி, முதல் மழைக்கு ஏக்கருக்கு இருபது கிலோ அளவில் பல தானிய விதைப்புச் செய்யலாம். கம்பு, சோளம் முதலிய தானியங்கள், உளுந்து, தட்டை முதலிய பயறுகள், எள், ஆமணக்கு முதலிய எண்ணெய் வித்துகள், சணப்பு, கொழுஞ்சி முதலிய பசுந்தாள் ஆகியவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 முதல் 50 நாட்களில், மடக்கி உழுதால் மண்ணுக்கு அதுவே விருந்து. இரண்டு முறை செய்தால் மேலும் நலம். உரிய அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலும் அடிக்கலாம். மண்ணை வெயிலுக்குத் திறந்து போடாமல் சருகு, வைக்கோல் கொண்டு மூடாக்கிடுவது அவசியம்.

நான்காம் படி: பயிரும் மரமும்

எது விரைவில் உணவு தருமோ அது முதலில். கீரை 25 நாளில் வரும். வெண்டை, அவரை, கத்தரி இரண்டு மூன்று மாதங்களில் வரும். செடி முருங்கை ஆறேழு மாதங்களிலும், பப்பாளி எட்டுப் பத்து மாதங்களிலும், வாழை ஓராண்டிலும் பலன் தரத் தொடங்கும். ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டுகள் கேட்கும். நாட்டுத் தென்னை ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கேட்கும். நண்பரோ தென்னையை மட்டுமே நட்டுவிட்டு, ஏழாண்டுகளுக்கு அரிசியும் காய்கறியும் கடையில் வாங்கும் நிலைக்கு ஆளானார். முதலாண்டு ஐந்து சென்ட் காய்கறித் தோட்டமும் பத்து மரமும் போதும். பத்து மரத்துக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைக்கலாம். 140 மரத்துக்கு முடியுமா?

சுற்றுச்சுவருக்குப் பதிலாகக் கிளுவை, நொச்சி, ஆடாதொடை கொண்டு உயிர்வேலி அமையுங்கள். செலவு குறைவு; ஆட்டுக்கும் மண்ணுக்கும் தழை கிடைக்கும். பன்றிக்கு அஞ்சிக் கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவோர் ஆங்காங்கே உண்டு. அது சட்டப்படி குற்றம்; அதில் மனிதர்களே மாண்டிருக்கிறார்கள். ஒரு தேங்காய்க்காக ஓர் உயிரா?

'இயற்கை' என்ற பெயரில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகா அவர்கள் அரசுப் பணியைத் துறந்து ஊர் திரும்பி, தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்துச் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். கிளைகள் பின்னிக் கொண்டு பூச்சி தாக்கி மரங்கள் மடிந்தன. இயற்கை வேளாண்மை வேறு, கைவிடுதல் வேறு என்பதை அதில் கற்றதாக அவரே பின்னர் எழுதினார். உலகம் போற்றிய அறிஞருக்கே முதல் தோல்வி இருந்தது என்றால் நாம் மனம் உடையலாகாது.

ஐந்தாம் படி: கால்நடை

முதலில் கோழி, பிறகு ஆடு, அதன்பிறகே மாடு. தீவனம் நிலத்தில் விளையத் தொடங்கிய பின்னரே கால்நடை வர வேண்டும். இல்லையேல் மாடு உங்களுக்கு உணவளிக்காது. நீங்கள்தாம் கடை கடையாக அதற்குத் தீவனம் வாங்குவீர்கள். கன்றுகள் வளருமுன் ஆடு வந்தால் தோட்டம் அதன் வயிற்றுக்குள் போகும். மாடு கட்டிய வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு நிக்காஹ்வுக்குக்கூட ஒரு நாள் வெளியூர் போக முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆயினும் ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோ சாணம் தரும். அது மண்ணுக்குப் பெருஞ்செல்வம்.

ஆறாம் படி: வீடு

இப்போதுதான் வீடு! முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஓர் அறையும், ஒரு கழிவறையும், கருவிகள் வைக்க ஒரு கொட்டகையும் போதும். அதுவரை நகரத்தில் இருக்கும் வருமானத்தை விட்டுவிட வேண்டாம். கடை இருந்தால் கடையும், வேலை இருந்தால் வேலையும் தொடரட்டும். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நிலம் தன் செலவைத் தானே ஈடுசெய்யும் ஆண்டு எது என்று அந்நோட்டே சொல்லும். அந்த ஆண்டில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

எங்கே, எப்படி என்பதை ஆண் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மஷூரா செய்வது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. பிள்ளைகளின் பள்ளியும் மதரஸாவும் எத்தனை தொலைவு? இரவில் பிரசவ வலி வந்தால், பாம்பு தீண்டினால், மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம்? மனைவி பேசிச் சிரிக்க அருகில் ஒரு வீடாவது உண்டா? நண்பரின் துணைவியார் ஊரை விட்டுப் போனதற்குத் தண்ணீர் மட்டுமே காரணம் அன்று. பகல் முழுவதும் மனிதக் குரலைக் கேளாத தனிமையும் ஒரு காரணம். நிலம் வாங்கும்போது யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழாம் படி: பங்கிடுதல்

விளைச்சல் வந்தவுடன் அதில் பிறருக்கும் பங்குண்டு. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். உழைப்பின் சுமைக்கேற்பக் கடமையைப் பாதியாக்கிய இச்சட்டத்தின் கருணையை எண்ணிப் பாருங்கள்! ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அதுவும் அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். பெண் மக்களுக்கு நிலத்தில் உரிய பங்கை மறுக்காமல் எழுதி வைப்பதும் இப்படியில் அடங்கும். பயிர் செய்யக் கற்ற மகளுக்கு மண்ணில் பங்கில்லை என்பது எந்த நீதி?

மீண்டும் நண்பர்

சென்ற ஆடியில் நண்பர் மறுபடியும் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். இம்முறை பூட்டிய வீட்டைத் திறக்கவில்லை. இரண்டு ஆட்களை வைத்துச் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் காட்டிய மூலையில் ஒரு குட்டை வெட்டினார். ஐப்பசி மழையில் அது நிறைந்தது. சணப்பும் தட்டையும் இடுப்பளவு வளர்ந்து நின்றபோது துணைவியாரையும் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றார். அச்சகோதரி குட்டைக் கரையில் சற்று நேரம் நின்றுவிட்டு, "இந்தத் தண்ணீர் பங்குனி வரை நிற்குமா?" என்று மட்டும் கேட்டாராம்.

"தெரியவில்லை, நின்றால் அடுத்த ஆண்டு காய்கறி போடுவோம்" என்றாராம் இவர்.

தெரியவில்லை என்று சொல்ல அவர் கற்றுக் கொண்டதே முதற்படி என்று எனக்குத் தோன்றியது. சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அது திரும்பி வராது. ஆனால் நிலம் இருக்கிறது, மழை இருக்கிறது, மூன்று ஆண்டுகள் பொறுக்கும் மனமும் இப்போது இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் சகோதரர்கள் தோட்டக் கனவோடு வந்தால், நண்பர் இழந்ததை அவர்கள் இழக்காதிருக்கட்டும். அவர்களின் உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.